வெயிலில் நின்ற முள்

மராத்தி பேசும் ஊரான வாகடில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மேகம் என்று சொல்லி அட்டையில் பஞ்சை ஒட்டிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவிக்கு மேலே குளிர்ந்த தட்டைப் பிடிப்பேன். தட்டிலிருந்து நீர் சொட்டும். குழந்தைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

வகுப்புச் சுவரில் ஒரு வானிலை அட்டை. வெயில், மேகம், மழை என்று மூன்று படங்கள், நடுவில் ஒரு முள். தினமும் ஒரு குழந்தை ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு முள்ளைத் திருப்ப வேண்டும்.

அந்த ஜூனில், என்னிடம் தமிழ் பேசும் ஒரே குழந்தையான கோயம்புத்தூர்க்காரச் சிறுமியின் முறை வந்தது. வானம் கறுத்திருந்தது. முள்ளை மழைக்குத் திருப்பினாள். சொல்லிவைத்தாற்போல் பருவத்தின் முதல் மழை கொட்டியது. "பாவூஸ் ஆலா!", மழை வந்தாச்சு என்று மராத்தியில் கூவிய பிள்ளைகள், அவள்தான் மழையைக் கொண்டுவந்தாள் என்று கைதட்டினார்கள்.

அன்று மாலை, சாகண் தொழிற்சாலையிலிருந்து பைக்கில் திரும்பிய அவள் அப்பா ஈரச் சாலையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார்.

காரியங்கள் முடிந்து அவள் திரும்பி வந்தாள். வந்ததும் முள்ளை வெயிலில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி அட்டைக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். வெளியே நல்ல மழை. முள்ளை யாரையும் தொட விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டேன்.

"நான் மழை வெச்சதாலதானுங்க மிஸ் அப்பா விழுந்தாங்க?"

அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

"இல்ல கண்ணு. அது வெறும் அட்டை. இப்ப முள்ளு வெயில்லதான இருக்கு? மழை நின்னுச்சா பாரு."

நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப நான் இல்லீங்களா?"

"நீ இல்லவே இல்ல."

பெரிய பாரம் ஒன்றை இறக்கிவிட்டதாக நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப வெயில் வெச்சாலும் அப்பா வர மாட்டாங்களா?"

அப்பா சாமியிடம் போயிருக்கிறார் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். நானும் அதையே சொல்லியிருக்கலாம்.

"வர மாட்டாங்க கண்ணு."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் மழை விட்டு வெயில் அடித்தது. முள்ளும் வெயிலில்தான் இருந்தது. அவள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை.