மகளுக்கு வாங்கிய லேப்டாப்

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் போக வரிசையில் நின்றிருந்தன. யார்டு ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் என்னை ஒரு டிரைவர் தன் கேபினுக்குள் கூப்பிட்டார். நரைத்த மீசை, ஓயாமல் ஆடும் கால், மடியில் மகளுக்கு வாங்கிய புது லேப்டாப்.

"நாம கேக்காமயே இன்னான்னாவோ குறுக்க வந்துகினே கீது சார். அல்லாத்தையும் தூக்கிடு. நாளைக்கி பொண்ணு காலேஜுக்கு எட்துகினு போவணும்."

லேப்டாப்பை வாங்கி, கம்பெனியே அதில் போட்டு அனுப்பியிருந்த விளம்பரச் செயலிகளையும் கேம்களையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். ஒன்று போனதும் திரையில் அந்த இடத்தைத் துண்டால் துடைத்தார். வரிசை அசையும்போதெல்லாம் வண்டியை நகர்த்திவிட்டு, "பூட்ச்சா?" என்று கேட்டார்.

கடைசியில் திரை வெறிச்சென்று ஆனது. அவர் முகம் மாறியது.

"இன்னா சார், காலியா கீது. பழசு வாங்கியாந்துட்டேன்னு நெனச்சிக்கும் பொண்ணு. ரெண்டு கேமாவது திருப்பிப் போடு."

பின்னால் ஹாரன்கள் அலறின. இரண்டும் திரையில் வரும்வரை அந்த மனிதர் வண்டியை எடுக்கவே இல்லை.

அந்தப் பெண் அவற்றை அன்றைக்கே நீக்கியிருப்பாள்.