நான் பழக்கிய இடது கால்

கல்லூரிக் கால்பந்துக் கோச்சுகளே, நம் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல: உதைக்கத் தெரியாமல் வருபவனுக்கு உதைக்கச் சொல்லித் தருவோம், தெரிந்துகொண்டதும் அவன் வேறு கல்லூரிக்குப் போய்விடுவான்.

தினம் முட்டை

நிதின், விதுராவுக்கு மேலே மலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன். திருவனந்தபுரத்தில் எங்கள் கல்லூரியில் சேர்ந்தபோது வலது காலால் மட்டும்தான் அடிப்பான். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவனை நிறுத்திவைத்து இடது காலையும் பழக்கினேன். அந்த சீசனில் எங்கள் கோல்களில் பாதிக்கு மேல் அவன் போட்டவை.

விடுமுறை முடிந்து விடைபெற வந்தான். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய கல்லூரியின் ஜெர்சியை அதற்குள் மாட்டியிருந்தான். "இங்கே உனக்கு என்னடா குறை?" என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல சாரே. அங்கே ஹாஸ்டல்ல தினம் முட்டை உண்டு."

அண்ணன் கடையில்

மனசு ஆறாமல் ஆரியசாலையில் அண்ணன் நடத்தும் மிளகாய் மொத்தக்கடைக்குப் போனேன். துரோகம், நன்றிகெட்ட காலம் என்று மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து புலம்பினேன். நெடியில் கண்ணீரும் வந்தது. புலம்பலுக்கு அது தோதாக இருந்தது. அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு எதிர்க்கடையைக் கைகாட்டினார்.

"அவன் என்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன்தான்டா. நான் என்ன ஃபவுல்னு விசிலா ஊதினேன்?"

அரையிறுதி

அவனுடைய புதுக் கல்லூரியுடன் அரையிறுதி. என் பையன்கள் அவனுடைய வலது காலையே குறிவைத்து மறித்தார்கள். அவன் சட்டென்று உள்ளே வெட்டி, இடது காலால் மூலையில் அடித்தான். தோற்கடித்த கோல்தான், ஆனாலும் கைதட்டப் போன கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் எங்கள் பெஞ்சுக்கு ஓடிவந்து காலைத் தொட்டான்.

"சாரே, இடது கால் சரியா வந்துச்சு, அல்லே?"

முழங்கால்

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஒரு ஆட்டத்தில் மோதி விழுந்து அவனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. புதுக் கல்லூரி அவன் இடத்துக்கு வேறொருவனைப் பிடித்துவிட்டது. யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் அவன் அம்மா மலையிலிருந்து இறங்கி என்னிடம் வந்து, "பிள்ளை நடப்பானா சாரே?" என்று அழுதாள். தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் மைதானத்திலேயே நடக்கவைத்தேன், மெல்ல ஓடவைத்தேன். சில நாள் வலி தாங்காமல் புல்லில் உட்கார்ந்துவிடுவான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், நொண்டாமல் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தான். எங்கள் ஜெர்சி ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கி முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சாரே, இனி அவங்க என்னைத் திரும்ப எடுப்பாங்களோ?"

அன்றைக்கே அந்தக் கல்லூரிக் கோச்சுக்கு நானே போன் போட்டு, பையன் இப்போது முன்னைவிட நன்றாக ஓடுகிறான் என்று பெருமையடித்தேன் என்றால், இந்தத் தொழிலில் இருக்கும் நீங்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.