கத்தார் ஆட்டத்துக்கு விட்ட காலி வரி

தோகாவில், பத்துப் பேர் படுக்கும் கேம்ப் ரூமில் வைத்து, பெரம்பலூர்ப் பக்கத்து எறையூர் கோகுலகிருஷ்ணனின் முன்பற்கள் இரண்டைத் தௌஃபீக் உடைத்தான். காரணம் ஒரு கால்பந்து ஆட்டம். அதுவும் இவர்கள் ஆடியதுகூட இல்லை. இந்தியாவும் கத்தாரும் மோதிய ஆட்டம், 2024 ஜூன் பதினொன்று.

லெப்பைக்குடிக்காட்டுத் தௌஃபீக்குக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல். ஊரே கிரிக்கெட் பைத்தியமாக அலைய, இவன் மட்டும் ஒரு நீல அட்டை நோட்டில் இந்தியக் கால்பந்து அணியின் ஆட்டங்களை எழுதிக்கொண்டிருந்தான். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அந்தக் காலத்துக்குப் பிறகு பக்கம் பக்கமாகத் தோல்வி. 2011 ஆசியக் கோப்பையில் மூன்றே ஆட்டத்தில் வாங்கிய பதின்மூன்று கோலை எழுதிய இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. 2019-ல் இதே தோகாவில் கத்தாரை ஒரு கோலும் போட விடாமல் சமன் செய்த ஆட்டம் மட்டும் பச்சை மையில் இருந்தது.

ஜூன் பதினொன்றாம் தேதி இந்தியா ஒரு கோல் முன்னால் இருந்தது. ஜெயித்தால், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் முதல் முறையாக மூன்றாவது சுற்று. எழுபத்து மூன்றாவது நிமிஷம் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். கத்தார்க்காரர் ஒருவர் அதை உள்ளே இழுக்க, இன்னொருவர் வலைக்குள் தள்ளினார். கோல் என்று கொடுத்துவிட்டார்கள். ரூமே கொதித்தது. கோகுல் மட்டும், “லைன்ஸ்மேனுக்குத் தெரியலையோ என்னமோ, மாப்ள. அவரும் மனுஷந்தானே?” என்றான்.

அவன் வாயை மூடுவதற்குள் தௌஃபீக் கையிலிருந்த ஸ்டீல் ஃபிளாஸ்க் அந்த வாயில் இறங்கியது. “தெரியாதவன் எதுக்குடா கொடி புடிக்கிறான்?” என்று கேட்டு இன்னொன்றும் போட்டான். தலையணை நனைய நனைய ரத்தம். மறுநாள் கோகுல் சூப்பர்வைசரிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். அந்தப் பொய்யால்தான் தௌஃபீக் ஜெயிலுக்குப் போகாமல் தப்பினான். தப்பியவன் ஒரு மன்னிப்பாவது கேட்டானா? வீம்பு விடவில்லை. நோட்டில், இந்தியா கடைசியில் தோற்றுப்போன அந்த ஆட்டத்துக்கு ஒரு வரியைக் காலியாக விட்டு, சாகும்வரை அதை எழுத மாட்டேன் என்று எல்லோர் முன்பும் சத்தியம் செய்தான்.

ஒன்றரை வருஷத்தில் இருவரும் ஊர் திரும்பினார்கள். தௌஃபீக்குக்கு வேலை இல்லை. மனைவி சாகிராவின் அண்ணன் நஜீமுதீன்தான் தன் செல்போன் கடையில் உட்கார வைத்தான். பொங்கல் லீவில் வெள்ளாற்றங்கரையில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டி நடந்தது. ஃபைனலுக்கு வந்தது எறையூரும் லெப்பைக்குடிக்காடும். நஜீமுதீன் இந்தப் பக்கம் கேப்டன், கோகுல் அந்தப் பக்கம் கோல்கீப்பர். லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்கத் தௌஃபீக்கை இழுத்துவிட்டதும் நஜீமுதீன்தான்.

“நாயமாத்தான் இருப்பேன், மச்சான்.”

“இருங்க. யாரு கடையில ஒக்காந்திருக்கோம்ங்கிறதையும் மறந்துடாதீங்க.”

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியப் போகிற நேரம், நஜீமுதீன் துரத்திய பந்து சுண்ணாம்புக் கோட்டை ஒரு சாண் தாண்டிவிட்டது. கோகுல் கையைத் தொங்கப் போட்டு நின்றான். நஜீமுதீன் குதிகாலால் பந்தை உள்ளே இழுத்து வலைக்குள் அடித்தான். அரியலூரிலிருந்து வந்திருந்த ரெஃப்ரி சாமிதுரை தௌஃபீக்கைப் பார்த்தார்.

தௌஃபீக் நன்றாகப் பார்த்திருந்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் அவன் தெருவே கத்திக்கொண்டிருந்தது, முன்னால் மச்சானின் முறைப்பு. நாளைக்குக் கடை திறந்தாக வேண்டும். கொடி தொடையோடு ஒட்டிக் கிடந்தது. ரெஃப்ரி விசில் ஊதினார், கோல்! எத்தனை வருஷம் வாய் கிழியப் பேசியவன், தன் முறை வந்தபோது ஒரு துணியைத் தூக்கவில்லை. நினைத்தால் எனக்கே அவனை அறைய வேண்டும் போலிருக்கிறது.

எறையூர்க்காரர்கள் கடித்துக்கொண்டிருந்த கரும்போடு உள்ளே பாய்ந்தார்கள். முதல் அடி தௌஃபீக்கின் காதில், அடுத்தது முழங்காலில். விழுந்தவன் விலாவில் ஏழெட்டுக் கால்கள் ஏறின. கரும்பு முறிந்தது, அதே முறிந்த முனையால் குத்தினார்கள். லெப்பைக்குடிக்காட்டு ஆட்கள் கல்லைத் தூக்கினார்கள். தௌஃபீக்கின் மேல் திடீரென்று ஒருவன் குப்புற விழுந்து அடியை முதுகில் வாங்கினான். கோகுல்.

“நிறுத்துங்கடா!” என்று கத்திவிட்டு, தௌஃபீக்கின் முகத்துக்கு நேராகக் குனிந்தான். ஓட்டைப் பல் தெரிந்தது. “மாப்ள, நெசத்தைச் சொல்லு. பந்து வெளிய போச்சா, இல்லையா?”

ஓங்கிய கரும்புகள் அப்படியே நின்றன. ‘தெரியல’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் கடை தங்கும். ஆனால் எந்த வாயைப் பார்த்துச் சொல்வது?

“போச்சு,” என்றான் தௌஃபீக். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கத்தினான். “கோட்டைத் தாண்டிருச்சு. நான் பார்த்தேன். பயந்துக்கிட்டு கொடி தூக்கல!”

“துரோகி!” நஜீமுதீனின் பூட்ஸ் அவன் வாயில் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று போலீஸ் ஜீப்புக்கே புரியவில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் தௌஃபீக்குக்கு உதட்டில் ஒன்பது தையல். மூன்று பல் போயிருந்தது. சாகிரா அழுது ஓய்ந்தபின், “எங்கண்ணன் உங்களக் கடைப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க,” என்றாள். அவன் தலையாட்டிவிட்டு, வீட்டிலிருந்து நோட்டை எடுத்துவரச் சொன்னான்.

மறுநாள் கோகுல் முதுகில் கட்டோடு வந்தபோது தௌஃபீக் அந்தக் காலி வரியில் எழுதிக்கொண்டிருந்தான். இந்தியா 1, கத்தார் 2.

“சாகுறவரைக்கும் எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணியே?”

தௌஃபீக்குக்கு வாய் வீங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

“அந்த லைன்ஸ்மேனுக்குத் தெரியலையோ என்னமோ, மாப்ள. எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு.”

கோகுல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நோட்டை வாங்கி, ஈர மை காய ஊதினான்.