எருமை எடை பெண்டிங்

ரிட்டயரான என் வீட்டுக்காரர் பால் பண்ணை வைக்கப் போகிறாராம். ஹரியானாவில் பேசி வைத்த இரண்டு எருமைகளை டிரெய்லரில் இழுத்துவர பிக்கப் வண்டி பார்க்க, இன்று ஷோரூம் போனோம்.

முப்பது வருட அமைச்சகப் பழக்கம். ஐந்து வண்டிகளை ஒப்பிட்டு ஒரு ஃபைலே போட்டிருந்தார். சீட் கவர் நிறத்துக்குக்கூடத் தனிக் கட்டம்.

சேல்ஸ்மேன் புரட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "சாப், இழுக்கிறது பெரிசில்ல. பிரேக் போட்டா பின்னாடி இருக்கிறது நம்மளத் தள்ளக் கூடாது. எருமை எவ்ளோ வெயிட்?"

ஃபைலில் அது மட்டும் இல்லை.

"எடை போட்டுட்டு வரேன் பையா," என்று கம்பீரமாக எழுந்தார்.

வாசலில் கேட்டேன்: "எடை மேடைக்கு எருமைய எதுல கொண்டு போவீங்க?"

"அதுக்குத்தானே வண்டி வாங்கறோம்!"

டெல்லி ஆர்.கே.புரத்தில் யார் வீட்டிலாவது எருமை தாங்கும் தராசு இருந்தால் சொல்லுங்கள். ஃபைல் காத்திருக்கிறது.