ஐந்தாவது வீட்டுக் கிணறு

என் தங்கையின் வீட்டு முற்றத்தில் நின்றால் துறைமுகம் தெரியும். கப்பல் வந்தாலும் தெரியும், போனாலும் தெரியும். எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் நின்றால் பக்கத்து வீட்டு மதில் தெரியும். பதினைந்து வருடமாக இதை நான் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு நாளும் மறந்ததுமில்லை.

அந்த வீடு அப்பா கட்டியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். மூத்தவள் எனக்கு வந்திருக்க வேண்டியது. நான் விரும்பியவரைக் கலியாணம் முடித்தேன். அப்பா கத்தவில்லை, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய் வீட்டைத் தங்கையின் பெயருக்கு எழுதிவிட்டு வந்து, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். எரிச்சல் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. தங்கை புதுத் திரைச்சீலை போட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. போதாக்குறைக்கு, கொஞ்சக் காலமாக அவள் வீட்டுக்குப் போனால் தேநீர் தருவதில்லை. கண்ணாடிக் குவளையில் சோடா. காசு இருக்கிற எடுப்பு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே குடிப்பேன்.

போன வருடம் எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரரின் மகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறாள் என்று, தை பிறக்கமுன் வீட்டை விடச் சொன்னார்கள். இனியும் வாடகைக்கு அலைய ஏலாது என்று வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தரகர் ஒருவரைப் பிடித்தோம். கிண்ணியாக்காரர். நான் அவரை நானா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். தங்கைக்கு மூச்சும் விடவில்லை. எல்லாம் முடிந்தபிறகு கூப்பிட்டுக் காட்டுவது என்று வைராக்கியம்.

காணி உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நானா மோட்டார் சைக்கிளில் முன்னால் போவார். நானும் என் கணவரும் ஸ்கூட்டரில் பின்னால். பார்க்கப் போன வீட்டுக்குள் நானா நுழையமாட்டார், நேரே கிணற்றடிக்குத்தான். கடலோர ஊரில் ஒரு வளவில் நல்ல தண்ணீர் இருக்கும், அடுத்த வளவில் உவர் இருக்கும்.

"மாரியில பாத்தா எல்லாக் கிணறும் நல்லாத்தான் இருக்கும் டீச்சர். இந்த ஆவணி வெயிலுக்க பாக்கணும்" என்பார். ஒரு வாளி இறைத்துத் தான் ஒரு மிடறு குடித்துவிட்டு என்னிடம் தருவார். நான் ஒரு போத்தலில் வீட்டுக்கு எடுத்துவந்து தேநீர் போட்டுப் பார்ப்பேன். உவர் என்றால் பால் திரையும், சாயம் கறுக்கும். இங்கே வீடு வாங்குகிறவர்கள் செய்வதுதான்.

ஆனால் நான் ஒவ்வொரு தேநீரையும் தங்கைக்குப் போன அப்பா வீட்டுக் கிணற்றுத் தேநீரோடு வைத்துப் பார்த்தேன். முதல் வீடு சரியான உவர். இரண்டாவது கசப்பு. மூன்றாவதும் நான்காவதும் நல்ல தண்ணீர் என்றார் கணவர். அவருக்குச் சுடுதண்ணீரில் நிறம் இருந்தால் போதும், அவர் பேச்சை யார் எடுத்தது? அப்பா வெட்டிய கிணற்றுத் தண்ணீர் நாக்கில் இனிக்கும். அதைவிடக் குறைந்த தண்ணீருக்கு நான் குடிபோனால், தங்கை வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசாமல் கோப்பையை வைப்பாள். அதைத் தாங்க என்னால் முடியாது. இரண்டு வீட்டையும் வேண்டாம் என்றேன்.

ஐந்தாவது வீடு உட்துறைமுக வீதிக்குப் பின்னால். சின்ன வீடு. குசினி யன்னலால் துறைமுகம் ஒரு துண்டு தெரிந்தது. கிணற்றுக்கட்டு வெடித்திருந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "எங்கட வீட்டுத் தண்ணி மாதிரி இல்ல நானா" என்றேன்.

நானா வாளியைக் கீழே வைத்தார். "கோவிக்கப்படாது டீச்சர். உங்களுக்கு ஊடு வேணுமா, இல்லாட்டி உங்கட தங்கச்சிட ஊட்டத் தோக்கடிக்க வேணுமா? முதலாவது எனக்கு ஏலும். மத்தது ஏலாது. சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கன். வேற ஆளும் கேக்குது."

ஒவ்வொரு கிணற்றடியிலும் தங்கை வீட்டுக் கிணற்றுக் கதையை எடுத்தவள் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போய் வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. ஐந்தாவது வீட்டுப் போத்தல்தான் குசினியில் இருந்தது. வேறு வழியில்லாமல் அதில் தேநீர் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் நிறுத்தினாள்.

"அக்கா, இது எந்தக் கிணத்துத் தண்ணி?"

"ஏன்?" என்றேன், சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி.

"எங்கட கிணறும் முந்தி இப்பிடித்தான் இருந்தது."

"முந்தியோ? இப்ப என்ன?"

"அது உவராப் போய் மூண்டு வருஷம். வாயில வைக்க ஏலாது. குழாய்த் தண்ணியில போட்டுத் தந்தா குளோரின் மணக்குதெண்டு சொல்லுவீங்கள். அதுதான் சோடா வாங்கி வைக்கிறனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எப்பவும் அந்தக் கிணத்தைப் பற்றித்தானே கதைக்கிறனீங்கள். அது கெட்டுப்போச்செண்டு உங்களிட்ட எந்த வாயால சொல்லுறது?"

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பொய் சொல்லமாட்டேன், முதலில் வந்தது சந்தோஷம். நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் மற்றது விளங்கியது. மூன்று வருடமாக இல்லாத தண்ணீரோடு ஒப்பிட்டு இரண்டு நல்ல வீட்டைத் தட்டிக் கழித்திருந்தேன். இந்த ஐந்தாவது வீடும் நாளையோடு கைவிட்டுப் போகப் பார்த்தது. அவளை வைத்துக்கொண்டே நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எடுக்கிறம் நானா."

"அப்ப தண்ணி?"

"நல்ல தண்ணி."

மறுநாள் காலை முற்பணம் கொடுக்கப் போனபோது தங்கையும் தண்ணீர் எடுக்க ஒரு வெறும் பிளாஸ்டிக் கானோடு வந்தாள். நானாவும் கணவரும் வீட்டுச் சொந்தக்காரரோடு முன்னால் கதைத்துக்கொண்டிருக்க, அவள் நேரே குசினிக்குள் போனாள். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "நல்லாக் காத்து வருது" என்றாள். கண் யன்னலில் இருந்து சுவர்த்தட்டுக்குப் போனது, பின்கதவால் கிணற்றுக்குப் போனது, திரும்பவும் யன்னலுக்கு வந்தது.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவளுடைய முற்றத்தில் பதினைந்து வருடம் நான் பார்த்த பார்வை. அதை அவள் முகத்தில் ஒரு நாளாவது காணவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன். கண்டபோது அங்கே நிற்க முடியவில்லை.

"கானை இங்க தா" என்று வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நானே இறைத்து நிரப்பி, மூடியைத் திருகிக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள். இனி தண்ணீருக்கு வாராவாரம் வருவாள். மனதில் இருப்பதை மட்டும் சொல்லமாட்டாள். நானும் சொன்னவள் இல்லையே.