பிசிறு இல்லாத படம்

என் அப்பா வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மேசையில் குவிந்து கிடக்கும் பனியன்களில் ஒரு தையல் விட்டிருந்தால் நாலு அடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவது அங்கே வழக்கம். அம்பு விழுந்த பனியன் திரும்பிப் போகும். அந்த ஸ்டிக்கர் சுருள் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அது கம்பெனியோடு நின்றிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பறவைகளைப் படம் எடுப்பார். விடியும்போதே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு சேவூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுவார். அவரிடம் பெரிய கேமரா. என்னிடம் அவர் ஓரங்கட்டிய சின்னக் கேமரா. எனக்கு அப்போது பத்து வயது. ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வந்ததும் படங்களைத் தரையில் பரப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவார். கரிச்சான் வாய் நிறையப் பாடிக்கொண்டிருக்கும். வால் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது என்று வாலில் ஒரு அம்பு. தேன்சிட்டின் கண்ணில் வெளிச்சம் விழவில்லை என்று கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்பு. தன் படங்களையும் அவர் விட்டுவைத்ததில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் படங்களில் ஒன்றிரண்டாவது தப்பிக்கும். என்னுடையதில் ஒன்றுகூடத் தப்பியதில்லை.

"ஏனுங்க, புள்ளை எடுத்ததுல ஒண்ணாச்சும் நல்லாருக்குதுன்னு சொன்னாத்தான் என்னங்க?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"நல்லாருந்தாச் சொல்ல மாட்டனா?" என்றார் அப்பா. நான் பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அம்பு இல்லாத ஒரே ஒரு படம் போதும் என்று அன்றைக்கெல்லாம் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் போலப் பறவைப் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் படக் கண்காட்சி வைப்பதாக முடிவானது. தன் மகள் எடுத்த படமும் ஒன்று வரும் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருந்தது. பக்கத்துக் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணியையும் நூலையும் அங்கேதான் கொட்டுவார்கள். அதன் ஓரத்தில் என் உயரத்துக்கு ஒரு தேக்கங்கன்று. அதன் இலையைச் சுருட்டி ஒரு தையல்சிட்டு கூடு தைத்திருந்தது. மற்ற ஊர்க் குருவிகள் பஞ்சுக்கும் சிலந்தி நூலுக்கும் அலைய வேண்டும். எங்கள் ஊர்க் குருவிக்கு அந்தக் கவலை இல்லை, ஆரஞ்சு நிறப் பனியன் நூலால் தைத்திருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள் இருந்தன.

தாய்க்குருவி புழுவோடு வந்து நிற்பதை எடுத்துவிட்டேன். அப்பா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதுதாங் கண்ணு படம்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிடம் கை சட்டைப் பைக்குப் போனது.

"இங்க பாரு அம்முணி, கூட்டுக்குக் கீழ பிசிறு தொங்குது. பாக்கறவிய கண்ணு குருவிக்குப் போகாது, நூலுக்குத்தாம் போகும். இன்னும் நாலு நாள் கெடக்குது, வேற ஒண்ணு எடுத்துரு."

பிசிறு என்ற சொல் எங்கள் வீட்டில் காதில் விழுந்து சும்மா போகாது. அம்மா கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் வாங்கி வந்து வீட்டில் வைத்துப் பிசிறு வெட்டுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் கூட உட்காருவேன். தொங்கும் நூலைக் கண்டால் கை சும்மா இருக்காது. விருந்துக்கு வந்த ஒரு அத்தையின் பட்டுச் சேலைக் குஞ்சத்தை நறுக்கிவிட்டு அடி வாங்கியவள் நான்.

அப்பா வேறு பக்கமாக நின்று எடுக்கத்தான் சொல்லியிருப்பார். அது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் சாயங்காலம் அம்மாவின் நூல் கத்தரியை எடுத்துப் போய், தொங்கிய நூலை இலையோடு ஒட்ட வெட்டினேன். கூடு சுத்தமாக இருந்தது. தள்ளி நின்றேன். குருவி வந்தது. எடுத்தேன்.

ஒட்ட வெட்டினால் தையல் விட்டுவிடும் என்று அம்மா தினமும் சொல்வாள். அது பனியனுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். குருவி முடிச்சுப் போடுவதில்லை, வெளியே விட்டிருக்கும் நூல்தான் தையலைப் பிடித்து நிறுத்துகிறது. என் கண் முன்னாலேயே நூல் ஒவ்வொரு ஓட்டையாக நழுவி, இலை விரிந்து, குஞ்சுகள் இரண்டும் மண்ணில் விழுந்தன. எடுத்து உள்ளே வைத்து இலையை ஊக்குப் போட்டுச் சேர்த்தேன். தாய் சுற்றிச் சுற்றிக் கத்தியதே தவிர, ஊக்குப் போட்ட கூட்டுக்கு வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது எறும்பு மொய்த்திருந்தது. வேஸ்ட் துணிக்கடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை அப்பா புதுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஸ்டிக்கரை எடுக்கவில்லை. "பாஸ்" என்று மட்டும் சொல்லி என்னிடம் நீட்டினார்.

கண்காட்சியில் என் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். அப்பாவின் கை என் தோளிலேயே இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் குனிந்து, "குஞ்சுகெல்லாம் பறந்திருச்சா சாமி?" என்று கேட்டார்.

"ரெண்டும் பறந்திருச்சுங்க" என்றார் அப்பா.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, தப்பித்தேன் என்று அப்போது நினைத்தேன். சற்று வளர்ந்தபின், தெரிந்தும் என் மேலிருந்த பாசத்தால் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பல வருடம் எனக்கு இதமாக இருந்தது.

இப்போது மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனியில் எனக்கும் செக்கிங் வேலை. சேர்ந்த இரண்டாம் மாதம், லாரி வாசலில் நிற்கும்போது, ஒரு பெட்டி முழுக்கக் கழுத்துத் தையல் விட்டிருப்பதைப் பார்த்தேன். மேனேஜர் வந்தார். "பாத்தாச்சுங்களா மேடம்? பாக்காத மாதிரி பாஸ் போட்டுருங்க, ஷிப்மென்ட் நிக்குது" என்றார். போட்டேன். லாரி கிளம்பியது.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இலையோரத்தில் வெட்டுப்பட்ட நூல் முனை ஆரஞ்சுப் புள்ளியாகப் பளிச்சென்று தெரிகிறது. எனக்கே தெரிகிறது. நாலு அடி தள்ளி நின்று தையல் பார்க்கும் மனிதருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருப்பார். ஆனால் இரண்டே நாளில் கண்காட்சி, வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் ஓவென்று அழுதிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். அப்பா சரக்கை அனுப்பிவிட்டார். அந்தக் குஞ்சுகள் என்ன ஆயின என்று இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை.