ஒரு சொல்லை அடித்துத் திருத்தியவர்

மந்தைவெளியில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பிலோமினா மேடம் காலமாகிவிட்டார். அடுத்த நிமிடமே இரங்கல்கள் குவிந்தன. நான் போனால் இத்தனை பேர் எழுதுவார்களா? அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போனது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடையாறு அலுவலகத்தில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து மேசை. மாங்கு மாங்கென்று எழுதுவது நான். பாராட்டு போவது அவருக்கு. கேன்டீன்காரர்கூட அவர் டீக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போடுவார். எனக்கு வயிறு எரியும்.

குழந்தைகள் காப்பகக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்கும் திட்டம் வந்தது. விண்ணப்பப் படிவம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. அப்பாடா, இதாவது என் பங்குக்கு வந்ததே! முதல் முகாமில், வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார். படிவத்தில் ‘தந்தை கையொப்பம்’ கட்டம் காலியாக இருந்தது.

“அது இல்லாம வாங்க முடியாதும்மா” என்றேன்.

“இன்னா மேடம், உட்டுட்டு ஓடிப்போனவன நான் எங்க போய்த் தேடுவேன்? கொயந்தைய யாராண்ட உட்டுட்டு வேலைக்குப் போறது?”

“விதி அப்படி.”

பிலோமினா மேடம் எழுந்து வந்தார். அந்தப் பெண்ணை உட்காரவைத்தார். என் படிவத்தில் ‘தந்தை’யை அடித்துவிட்டு, மேலே ‘வளர்ப்பவர்’ என்று எழுதி, நேராக அதிகாரி அறைக்குப் போனார். சில நாளில் திருத்த ஆணை வந்தது. நான் எழுதிய பக்கங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவருடைய ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஒரு மாதம் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. “சரோ, கோவத்த அப்புறம் வச்சுக்கலாம். டீ ஆறுது, குடிங்க” என்று தம்ளரை என் பக்கம் நகர்த்துவார்.

சென்ற ஆண்டு என் மகள் கணவனைப் பிரிந்து கைக்குழந்தையோடு வந்தாள். வேலைக்குப் போயாக வேண்டும். அதே படிவம். ‘வளர்ப்பவர்’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். படிவம் போனது பிலோமினா மேடம் மேசைக்கு. மகள் கதை அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்துகிடந்தேன். மறுநாளே ஒப்புதல் வந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடமும் மூச்சுவிடவில்லை. நானாக இருந்தால் இரண்டு பேரிடமாவது சொல்லியிருப்பேன். அந்தக் குணத்தின் மீதும் எனக்குப் பொறாமைதான். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

நேற்று அவருடைய அடக்கப் பூசைக்கு சாந்தோம் கோயிலில் நிற்க இடமில்லை. முகாமுக்கு வந்த அந்தப் பெண் பக்கத்தில் நின்றார். இடுப்பில் இருந்த குழந்தை இப்போது பள்ளிச் சீருடையில். திருப்பி அனுப்பப் பார்த்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“அவங்க உங்களுக்கு இன்னா வேணும்மா?” என்றார்.

“எம் பேத்திய காப்பகத்துல சேத்துவிட்டவங்க” என்றேன்.

உங்களிடம் சொல்லவேண்டியதை யாரோ ஒருத்தரிடம் சொல்லிவிட்டேன், பிலோமி. டீ ஆறிப்போச்சு. போய்வாருங்கள்.